பழைய வேட்டி மேல் வெட்டுத்துணி குவில்ட்: அளவு, தையல், முடிப்பு

நூல்கண்டு:
வீட்டில் தையல் மிஷின் இருந்தால் ஜாக்கெட் மீதி, சுடிதார் ஓரம், பாவாடை வெட்டு என்று ஒரு மூட்டை சேர்ந்துவிடும். ஒன்றுக்கொன்று அளவு ஒத்துவராத அந்தத் துண்டுகளை வைத்து ஒற்றைக் கட்டில் குவில்ட் (மேல்பக்கம், நடுவில் பஞ்சு, அடிப்பக்கம் மூன்றையும் சேர்த்துத் தைக்கும் போர்வை) தைக்கும் முறையை இங்கே முழுசாக எழுதி வைக்கலாம் என்று இந்த இழை. தெரிந்தவர்கள் திருத்துங்கள், விட்டதைச் சேருங்கள்.

முறை இதுதான். பழைய வேட்டியை 7 அங்குலச் சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றின் மேலும் மூலையிலிருந்து மூலைக்குப் பட்டை பட்டையாகத் துணி வைத்துத் தைத்து நிரப்புவது. பிறகு 6½ அங்குலத்துக்குச் சீராக நறுக்கி, கட்டங்களை இணைப்பது. வேட்டி எதற்கு என்றால், மீதித் துணி எப்போதும் நேர் இழையில் இருக்காது. கைக்குழி வெட்டு, கழுத்து வெட்டு எல்லாம் கிராஸாக (சாய்வு இழையில்) இழுக்கும். அடியில் நேர் இழையில் வெட்டிய வேட்டித் துணி இருந்தால் அந்த இழுப்பை அது பிடித்து நிறுத்தும். செய்தித்தாளை வைத்தும் தைப்பார்கள். ஆனால் மை ஒட்டும், கடைசியில் அத்தனை தாளையும் கிழித்து எடுக்க வேண்டும். வேட்டி உள்ளேயே தங்கிவிடும்.

முடிந்த அளவு 60 × 84 அங்குலம். ஒரு கட்டம் தைத்து முடிந்தபின் 6 அங்குலம் நிற்கும். எனவே குறுக்கே 10, நெடுக்கே 14, மொத்தம் 140 கட்டம். இரண்டும் இரட்டைப்படை எண்ணாக இருப்பது முக்கியம். அப்போதுதான் கட்டங்களின் நடுப்பட்டைகள் கூடி உண்டாக்கும் வைர வடிவம் ஓரத்தில் பாதியில் அறுபடாமல் நாலு பக்கமும் ஒரே மாதிரி முடியும்.

நாலு முழ வேட்டி ஒன்றில் கரையும் நைந்த இடமும் போக 50 சதுரமாவது தேறும். மூன்று வேட்டி எடுத்து வையுங்கள். வெட்டுத்துணி ஒரு கிலோ போதும். நிறம் பார்த்துப் பொறுக்க இரண்டு கிலோ இருந்தால் நல்லது. எல்லாக் கட்டத்துக்கும் நடுவில் ஒரே நிறப் பட்டை வரவேண்டும், அதற்கு மட்டும் புதுத்துணி: 1½ அங்குல அகலம், 10½ அங்குல நீளத்தில் 140 பட்டை. 42 அங்குலப் பன்னாவில் (துணி அகலத்தில்) ஒரு வரிசைக்கு நாலு, 35 வரிசை, 52½ அங்குலம். ஒன்றரை மீட்டர் வாங்குங்கள்.

அடிப்பக்கத் துணி நாலு புறமும் 4 அங்குலம் கூடுதலாக, 68 × 92 வேண்டும். 44 பன்னாவில் இரண்டு நீளம் சேர்த்தால் ஏறக்குறைய 4.7 மீட்டர், சுருக்கத்துக்கும் சேர்த்து 5 மீட்டர். ஓரப்பட்டைக்கு 60 சென்டிமீட்டர்.

செங்காந்தள்:
மூட்டையில் டூ பை டூ ஜாக்கெட் துணிதான் அதிகம். கூடவே பட்டுப் பாவாடை மீதி, கொஞ்சம் ஜீன்ஸ், திருப்பூரிலிருந்து கிலோ கணக்கில் வாங்கிய பனியன் வெட்டும் இருக்கு. எல்லாத்தையும் கலக்கலாமா? அது காட்டனா பாலியெஸ்டரான்னு தெரியாத துணியும் நிறைய.

பாவுஊடை:
தெரியாத துணியிலிருந்து நாலைந்து இழை உருவி நெருப்பில் காட்டுங்கள். காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, தொட்டால் பொடியாகிற சாம்பல் நின்றால் பருத்தி. உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டியான மணியாக உறைந்தால் பாலியெஸ்டர். முடி கருகும் நாற்றம் வந்தால் பட்டு. சாம்பலுக்குள் நெருடுகிற மணி கிடந்தால் கலப்பு. ஒரு தட்டில் தண்ணீரை வைத்துக்கொண்டு, பஞ்சு மூட்டை பக்கத்தில் இல்லாமல் பாருங்கள்.

கலப்பது பற்றி: பருத்தியோடு பருத்திக்கலப்பு சேரலாம், எடை ஒத்திருந்தால் போதும். டூ பை டூ, பாப்ளின், சுடிதார் காட்டன், சட்டைத்துணி ஒன்றாக நிற்கும். ஜீன்ஸை இதில் வேண்டாம். நாலு கட்டம் கூடுகிற முனையில் வேட்டியோடு சேர்ந்து அது கல்லாகிவிடும், ஊசி உடையும். ஜீன்ஸுக்குத் தனிக் குவில்ட் தையுங்கள், அடித்துணியும் பஞ்சும் இல்லாமலே கனமாக இருக்கும்.

பட்டு மெலிசு, அதோடு ஓரம் பிசிறும். அயர்ன் செய்தால் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய ஃபியூஸிங்கைப் பின்னால் ஒட்டி, பிறகு பட்டையாக வெட்டுங்கள். ஜரிகை உள்ள பகுதியை விட்டுவிடுவது நல்லது. துவைக்கத் துவைக்க ஜரிகை முறிந்து பக்கத்துத் துணியை உரசும். பட்டு கலந்தால் முழுப் போர்வையையும் பட்டுக்குத் தக்கபடிதான் துவைக்க வேண்டும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் தினம் புழங்கும் போர்வையில் பட்டைச் சேர்க்கமாட்டேன்.

பனியன் துணியைச் சேர்க்கலாம், வேட்டி அடியில் இருப்பதால் மட்டும். பட்டையை இழுப்பு இல்லாத திசையில் நீளமாக வெட்டுங்கள், தைக்கும்போது கையால் இழுக்காதீர்கள். ஊசி பால் பாயிண்ட் (முனை உருண்ட ஊசி). சாதா ஊசி கண்ணியை அறுத்து, துவைத்தபின் ஓட்டை விடும்.

இப்போது சாயம். சிவப்பு, மெரூன், கருநீலம், சுங்குடி, அடர்நிறச் செட்டிநாட்டுக் காட்டன் எதையும் சோதிக்காமல் வெட்டாதீர்கள். துண்டை வெந்நீரில் நனைத்து, வெள்ளைத் துணிக்கு நடுவில் வைத்துச் சூடாக அயர்ன் செய்யுங்கள். வெள்ளையில் நிறம் இறங்கினால் திரும்பத் திரும்ப அலசுங்கள். நாலு அலசலுக்குப் பிறகும் இறங்கினால் அந்தத் துணி இந்தப் போர்வைக்கு வேண்டாம்.

மஞ்சள்பை:
உப்புத் தண்ணீரிலோ வினிகரிலோ ஊறவைத்தால் சாயம் நிற்குமே? எல்லா வீட்டிலும் செய்வதுதானே.

பாவுஊடை:
செய்வது உண்மை, நிற்பது இல்லை. துணிக்குச் சாயம் ஏற்றுகிற நேரத்தில் தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு, சாயத்தை நூலை நோக்கித் தள்ளும். ஏற்றி முடித்து, ஒட்டாமல் தங்கிவிட்ட உபரிச் சாயத்தை உப்பு பிடித்து வைக்காது. வினிகர் பட்டுக்கும் கம்பளிக்கும் ஏற்றும் அமிலச் சாயத்தோடு சம்பந்தப்பட்டது, பருத்திக்கு உதவாது. உபரி நிறம் வெளியே போயாக வேண்டும். அதற்கு வெந்நீர், சோப்பு, நிறையத் தண்ணீர், இவ்வளவுதான்.

புதுத்துணியில் கஞ்சியும் இருக்கும், சுருக்கமும் இருக்கும். சின்னத் துண்டுகளை மிஷினில் போட்டால் நூல் பிரிந்து சிடுக்காகிவிடும். வாளியில் ஊறவைத்து, வலைப்பையில் போட்டு அலசி, நிழலில் காயவையுங்கள். அரை ஈரத்தில் அயர்ன்.

நூல்கண்டு:
அருமையான விளக்கம். கட்டம் தைக்கும் வரிசைக்கு வருகிறேன்.

வேட்டிச் சதுரத்தை மூலைக்கு மூலை மடித்து அயர்னால் ஒரு கோடு பதியுங்கள். விரித்து, நடுப்பட்டையை நல்ல பக்கம் மேலாக வைத்து, பட்டையின் இரண்டு ஓரமும் கோட்டிலிருந்து முக்கால் அங்குலம் இருக்கிறதா என்று முனையிலும் நடுவிலும் பாருங்கள். இந்த முக்கால் தவறினால் பிறகு பக்கத்துக் கட்டத்துப் பட்டையோடு முனை சேராது. மேலே இரண்டாவது பட்டையைக் குப்புறப் போட்டு, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, கால் அங்குலம் விட்டுத் தைக்கவும். தையல் மூன்று துணியையும் பிடிக்கும். புரட்டி, முதலில் விரல் நகத்தால் தேய்த்து, பிறகு அயர்ன். அடுத்தது எதிர்ப் பக்கம். இப்படி மாறி மாறி மூலைவரை.

பட்டை அகலம் 1 முதல் 2½ அங்குலம்வரை எதுவும் ஆகலாம். ஒரே அகலமாக வெட்டாதீர்கள், கலந்து வருவதுதான் இதற்கு அழகு. ஆனால் கடைசி மூலையில் வருவது அகலமான துண்டாக இருக்கட்டும். அங்கே ஒரு அங்குலப் பட்டை வைத்தால் நறுக்கும்போது தையலே போய், ஒரு நூல் அகலத் துணி மட்டும் மிஞ்சும்.

தையல் நீளம் 2 மில்லிமீட்டர். பழைய கறுப்பு மிஷினில் ஒரு அங்குலத்துக்குப் பன்னிரண்டு தையல் விழும்படி நெம்புகோலை வையுங்கள். ஊசி 14. நூலை ஒவ்வொரு கட்டத்துக்கும் அறுக்காமல் பத்துப் பத்தாக வரிசையாய் ஓட்டுங்கள். பத்துக்கும் இரண்டாவது பட்டை, பிறகு பத்தையும் சேர்த்து அயர்ன். நேரமும் நூலும் பாதி மிச்சம்.

பெரும்பாலும் கெடுவது அயர்னில்தான். புரட்டிய பட்டையை முழுசாக விரிக்காமல் சின்ன மடிப்போடு அயர்ன் செய்துவிட்டு அடுத்ததைத் தைத்தால், அந்த மடிப்பு துவைத்தபின் விரிந்து, கட்டம் குமிழியாக உப்பும். அயர்னைத் தள்ளித் தேய்க்காதீர்கள். வைத்து அழுத்தி எடுங்கள், தள்ளினால் கிராஸ் பட்டை வளைந்துவிடும்.

ஊசிமுனை:
ரோட்டரி கட்டர் (உருட்டி வெட்டும் வட்டக் கத்தி) இல்லாதவர்களுக்கு: பழைய எக்ஸ்-ரே ஃபிலிமில் 6½ அங்குலச் சதுரம் வெட்டி, மூலைக்கு மூலை மார்க்கரில் ஒரு கோடு போடுங்கள். கட்டத்தைக் குப்புறத் திருப்பினால் வேட்டியில் அயர்னால் பதித்த கோடு தெரியும். ஃபிலிம் கோட்டை அதன் மேல் வைத்து, சுற்றிப் பென்சிலால் வரைந்து, பென்சில் கோட்டின் மேலேயே வெட்டுங்கள். கோட்டுக்கு வெளியே வெட்டினால் 140 கட்டத்திலும் அந்தக் கோட்டின் தடிமன் சேரும். மூலை நாலும் செங்கோணமா என்று ஃபிலிமை வெட்டிய உடனே ஒருமுறை பாருங்கள். அதில் பிழை இருந்தால் எல்லாக் கட்டத்திலும் அதே பிழை.

நிறம் பற்றி ஒன்று சொல்லணும். வெட்டுத்துணி குவில்ட்டில் எந்த நிறத்தோடு எந்த நிறம் என்று கவலைப்படத் தேவையில்லை. வெளிறியது எது, அடர்ந்தது எது என்று பார்த்தால் போதும். துண்டுகளைத் தரையில் பரப்பிக் கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுங்கள். பச்சையும் சிவப்பும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அவை பக்கத்தில் வரும்போது ஒன்றையொன்று விழுங்கும். நடுப்பட்டைக்கு ஒரே ஒரு நிறம், அதுவும் மற்ற எல்லாவற்றிலிருந்தும் விலகி நிற்பதாக இருந்தால் (சுண்ணாம்பு வெள்ளை, அல்லது கருநீலம்) மீதி எத்தனை குழப்பமாக இருந்தாலும் கண் அந்த வைரக் கோட்டைப் பிடித்துக்கொள்ளும்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் ஊர்ப் பெண்களின் குவில்ட்டுகளைப் படத்திலாவது பாருங்கள். வயல் வேலைக்குப் போட்ட துணிகளைக் கிழித்துத் தைத்தவை, முழங்கால் தேய்ந்து வெளுத்த இடம்கூட அதில் ஒரு நிறமாகப் பயன்பட்டிருக்கும். 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் அவற்றைக் காட்சிக்கு வைத்தது, 2006-இல் அமெரிக்க அஞ்சல்துறை தபால்தலையாக வெளியிட்டது. நாம் தூக்கிப் போடுகிற நைந்த துணியை வேறு கண்ணோடு பார்க்க அது சொல்லித்தரும்.

செங்காந்தள்:
நாலு கட்டம் சேர்த்துப் பார்த்தேன். சேருமிடம் மேடாக நிக்குது. தையல் துணியை ஒரு பக்கமா மடிச்சு அயர்ன் பண்ணணுமா, பிரிச்சா?

ஊசிமுனை:
வேட்டி அடித்துணி இருக்கும்போது பிரித்துத்தான். அடித்துணி இல்லாத சாதாக் கட்டத்தில் ஒரு வரிசையை இடப்பக்கமும் அடுத்த வரிசையை வலப்பக்கமும் சாய்த்தால் இரண்டு மேடும் ஒன்றையொன்று முட்டி நின்று முனை தானாகச் சேரும். இங்கே அப்படிச் சாய்த்தால் எட்டு அடுக்குத் துணி ஒரே பக்கம் குவியும்.

பிரித்து அயர்ன் செய்தால் முனை நழுவும். அதற்கு ஒரு குண்டூசியைச் செங்குத்தாக, மேல் கட்டத்தின் முனையில் குத்தி அடிக் கட்டத்தின் முனையில் வெளியே வரும்படி நிறுத்துங்கள். அதன் இருபுறமும் ஒவ்வொரு ஊசியைப் படுக்கையாகக் குத்தியபின் நிறுத்திய ஊசியை எடுத்துவிடலாம். இணைக்கும் தையலையும் 2 மில்லிமீட்டரிலேயே வையுங்கள். பிரித்த தையலில் முழு இழுப்பும் நூல் மேல்தான் விழும்.

கட்டங்களை மாற்றி மாற்றித் திருப்பி வைக்க மறக்காதீர்கள். ஒன்றில் நடுப்பட்டை வலம் சாய்ந்தால் பக்கத்தில் இடம் சாய வேண்டும். வரிசையாகப் பரப்பிவிட்டு, ஒவ்வொரு வரிசையின் முதல் கட்டத்திலும் ஒரு சீட்டில் எண் எழுதிக் குத்துங்கள்.

மஞ்சள்பை:
சுற்றிலும் 4 அங்குலத்துக்கு ஒரு பார்டர் கொடுத்தால் பெரிய கட்டிலுக்கு ஆகும் இல்லையா? முன்பு தைத்த ஒன்றில் பார்டர் மட்டும் அலை அலையாக நின்றது, அயர்ன் செய்தும் போகவில்லை.

நூல்கண்டு:
ஆகும். அலை வந்ததற்குக் காரணம், நீளமான பட்டையை ஓரத்தில் வைத்துத் தைத்துக்கொண்டே போய், முடிவில் மிச்சத்தை வெட்டியது. பாவாடைக்குக் கரை வைக்கிற பழக்கம் அது. மிஷினில் துணியை நகர்த்தும் பல்லுக்கு மேலே, மேல் துணியும் அடித் துணியும் ஒரே வேகத்தில் நகராது. 84 அங்குலத்தில் பார்டர் ஒன்றரை அங்குலம் கூடுதலாகவே உள்ளே போய்விடும்.

சரியான வழி: குவில்ட்டின் நெடுக்கு நீளத்தை நடுவிலும், நடுவிலிருந்து இருபுறம் ஓரடி தள்ளியும் மூன்று இடத்தில் அளந்து சராசரி எடுங்கள். ஓரத்தில் அளக்காதீர்கள், ஓரம் இழுபட்டிருக்கும். அந்த நீளத்துக்கு இரண்டு பட்டை வெட்டி, பட்டையையும் குவில்ட்டையும் எட்டாக மடித்து அடையாளமிட்டு, அடையாளத்தோடு அடையாளம் சேர்த்து ஊசி குத்தித் தையுங்கள். பிறகு இதே போலக் குறுக்கு. அலை வந்ததை அயர்னால் சரிசெய்ய முடியாது. தையலைப் பிரித்து, பார்டரை வெட்டிக் குறைக்க வேண்டும்.

மலைவாசல்:
உள்ளே என்ன வைக்கிறீர்கள் என்று யாரும் சொல்லவில்லையே. ஊட்டி, கொடைக்கானல் குளிருக்கு 150 அல்லது 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) பாலியெஸ்டர் வாடிங் (விரிப்பாக வரும் பஞ்சு) வேண்டும். சென்னை, மதுரைக்கு அது புழுக்கம். அங்கே 80 போதும். அதைவிட நல்லது நைந்த ஃபிளானல் போர்வை ஒன்று, அல்லது இரண்டு பழைய நூல் சேலை. வேட்டி அடித்துணியே ஓர் அடுக்கு என்பதை மறக்க வேண்டாம்.

இலவம் பஞ்சோ உதிரிப் பருத்திப் பஞ்சோ வைக்காதீர்கள். தலையணைக்கு அது சரி. போர்வையில் இழை ஒன்றோடொன்று பிணையாததால் முதல் துவைப்பிலேயே ஒரு மூலைக்கு ஓடி உருண்டை உருண்டையாகும்.

வாடிங்கின் அகலம் பற்றாவிட்டால் ஒன்றன் மேல் ஒன்றாக ஏற்றித் தைக்காதீர்கள், அந்த வரப்பு கடைசிவரை தெரியும். இரண்டு ஓரத்தையும் நேராக வெட்டி, முட்ட வைத்து, கையால் குறுக்கு நெடுக்காகத் தளர்வாகத் தையுங்கள். பாலியெஸ்டரை வைத்தபின் மேலே சூடான அயர்ன் கூடாது, இழை உருகி அட்டையாக இறுகும். மேல்பக்கத்துக்கு உண்டான அயர்ன் எல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். நெசவு இளக்கமான துணிகளுக்கு ஊடாக வாடிங் இழை நரைமுடி மாதிரி வெளியே எட்டிப் பார்க்கும். வேட்டி அடியில் இருந்தால் மேல்பக்கம் அந்தத் தொல்லை குறைவு. அடிப்பக்கத்துக்கு நெருக்கமான பாப்ளின் எடுங்கள்.

நூல்கண்டு:
நன்றி மலைவாசல். மேல்பக்கம், வாடிங், அடிப்பக்கம் மூன்றையும் அடுக்குவதுதான் இந்த வேலையிலேயே நிதானமாகச் செய்ய வேண்டிய இடம், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

தரையைத் துடைத்து, அடிப்பக்கத் துணியைக் கெட்ட பக்கம் மேலாக விரித்து, மாஸ்கிங் டேப்பால் முதலில் நாலு பக்கத்தின் நடுவிலும், பிறகு மூலை நோக்கியும் ஒட்டுங்கள். சுருக்கம் இல்லாத அளவுக்கு இழுத்தால் போதும். பறைத்தோல் மாதிரி விறைப்பாக இழுத்து ஒட்டினால், டேப்பை எடுத்ததும் துணி தன் அளவுக்குத் திரும்பிச் சுருங்கும், அப்போது அடியில் மடிப்பு விழும். அடிப்பக்கத்தில் கொசுவம் விழுந்து தைத்துப்போகிறது என்று வருகிற புகார்களில் பெரும்பாலும் காரணம் இதுதான்.

மேலே வாடிங். நடுவிலிருந்து உள்ளங்கையால் தடவிச் சுருக்கம் நீக்குங்கள். அதன் மேல் குவில்ட்டை நல்ல பக்கம் மேலாக. அடிப்பக்கத்தின் நடுவையும் குவில்ட்டின் நடுவையும் முன்கூட்டியே அடையாளமிட்டிருந்தால் கோணல் வராது.

ஊக்கு நடுவிலிருந்து வெளிப்புறமாக, நாலு அங்குலத்துக்கு ஒன்று. உள்ளங்கையை எங்கே வைத்தாலும் ஓர் ஊக்கு தட்டுப்பட வேண்டும். இந்த அளவுக்கு முந்நூறுக்கு மேல் ஆகும், சின்ன ஊக்கு வாங்குங்கள். எல்லாவற்றையும் குத்தி முடித்தபின் மூடுங்கள், அதுவும் தேக்கரண்டியின் விளிம்பில் ஊக்கின் முனையை ஏற்றி அழுத்தினால் விரல் தப்பும். துருப்பிடித்த ஊக்கு ஒன்று இருந்தாலும் கறை போகாது. ஊக்குக்குப் பதில் இரண்டு அங்குலத் தையலாக நீட்டு நூலோட்டமும் போடலாம். அதை வெள்ளை நூலில் போடுங்கள், அடர்நிற நூல் பிரித்தபின் துகள் விடும்.

மிஷின் தையலுக்கு ஊசியை 16 ஆக மாற்றுங்கள், தையல் நீளம் 3 முதல் 3½ மில்லிமீட்டர். நடுப்பட்டையின் இரண்டு ஓரத்தை ஒட்டியும், அதற்கு எதிரான மூலைவிட்டத்திலும் போனால் கோடுகள் போர்வையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறாமல் ஓடும், இடைவெளியும் நாலு அங்குலத்துக்குள் நிற்கும். இதற்கு முன் நடுவில் நெடுக்கே ஒன்று, குறுக்கே ஒன்று நேர்கோடு போட்டு மூன்று அடுக்கையும் பூட்டிக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டை இணைப்புத் தையலின் பள்ளத்திலேயே போடக் கூடாது. பிரித்து அயர்ன் செய்ததால் அந்தப் பள்ளத்தில் துணி கிடையாது, வெறும் நூல்தான். ஊசி அந்த நூலை அறுக்கும். கால் அங்குலம் தள்ளிப் போடுங்கள்.

எல்லாக் கோட்டையும் ஒரே திசையில் ஆரம்பியுங்கள். ஒன்று மேலிருந்து, அடுத்தது கீழிருந்து என்று மாற்றினால் இரண்டு கோட்டுக்கு நடுவே துணி முறுக்கிக்கொண்டு சாய்வுச் சுருக்கம் விழும். நாலு கட்டம் சேரும் முனையில் மிதிப்பதை நிறுத்தி, சக்கரத்தைக் கையால் சுற்றித் தாண்டுங்கள்.

செங்காந்தள்:
ஒரு துண்டில் சோதித்தேன். மேலே தையல் அழகா இருக்கு, அடியில் நூல் கண்ணி கண்ணியா தொங்குது. பாபின் டென்ஷனை (அடி நூலின் இறுக்கத்தை) முறுக்கவா?

ஊசிமுனை:
பாபினைத் தொடாதீங்க. அடியில் கண்ணி விழுந்தால் பிழை மேல் நூலில். அழுத்தும் ஃபுட்டை இறக்கி வைத்தபடி நூல் கோத்திருந்தால் நூல் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவில் உட்காராது. ஃபுட்டைத் தூக்கி, மறுபடி முதலிலிருந்து கோத்துப் பாருங்கள். பெரும்பாலும் இதிலேயே தீரும். தீராவிட்டால் மேல் டென்ஷனை அரைச் சுற்று இறுக்குங்கள். மேல்பக்கம் பாபின் நூல் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அதற்கு எதிர்: மேல் டென்ஷன் கூடுதல், தளர்த்த வேண்டும்.

வாக்கிங் ஃபுட் வாங்க முடிந்தால் வாங்குங்கள். மேல் துணியையும் பல்லோடு ஒரே வேகத்தில் நகர்த்தும். ஃபுட் மாட்டுகிற தண்டு வீட்டு மிஷினில் குட்டை, பவர் மிஷினில் நெட்டை. கடைக்குப் பழைய ஃபுட்டைக் கழற்றிக் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். அது இல்லாவிட்டால் ஃபுட்டின் அழுத்தத் திருகைக் கொஞ்சம் தளர்த்தி, போர்வையின் பாரம் மேஜையிலிருந்து கீழே தொங்காமல் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொள்ளுங்கள். தொங்குகிற பாரம் ஊசியை இழுக்கும், தையல் நீளம் ஏறி இறங்கும்.

கிராஸ்பீஸ்:
ஓரப்பட்டைக்கு 60 சென்டிமீட்டர்ன்னு போட்டிருக்கீங்க, அது நேர் பட்டைக் கணக்கு. பைப்பிங், பைண்டிங் எதுவானாலும் கிராஸ்ல வெட்டினால்தான் படியும். ஜாக்கெட் கழுத்துக்கு நேர் பட்டை வச்சா நிக்குமா? அது மட்டுமில்ல, நேர் பட்டையை மடிச்சா ஓரம் முழுக்க ஒரே இழைதான் தேய்மானம் வாங்கும். அந்த இழை போச்சுன்னா ஓரம் நெடுக வாய் பிளக்கும். கிராஸ்ல பல இழை பங்கு போட்டுக்கும்.

பாவுஊடை:
தேய்மானம் பற்றிச் சொன்னது சரிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கழுத்து வளைவு, அதனால் அங்கே இழுபடுகிற பட்டை வேண்டும். போர்வையின் ஓரம் நேர்கோடு. 84 அங்குல ஓரத்தில் கிராஸ் பட்டையைச் சற்றே இழுத்துத் தைத்துவிட்டால் ஓரம் சுருங்கிக் கிண்ணமாகும், தளர விட்டால் அலை. நேர் பட்டை அந்த இரண்டையும் செய்யாது. அதோடு இங்கே பட்டையை இரட்டையாக மடித்து வைக்கிறோம், விளிம்பில் இரண்டு அடுக்கு. மூலையை வட்டமாக வெட்டுகிறவர்கள் மட்டும் கிராஸ் வெட்டட்டும், அவர்களுக்கு வேறு வழியில்லை.

கிராஸ்பீஸ்:
இரட்டை மடிப்புன்னா சரி. ஒற்றை மடிப்புக்கு நான் சொன்னது நிக்கும்.

நூல்கண்டு:
இருவர் சொன்னதும் குறித்து வைத்துக்கொள்ள வேண்டியவை.

அளவு இதோ. சுற்றளவு 288 அங்குலம், மூலைக்கும் இணைப்புக்கும் 12 சேர்த்து 300. 2½ அங்குலப் பட்டை, 42 பன்னாவில் எட்டு வேண்டும். ஏழு வெட்டினால் சாய்வு இணைப்பில் கழிந்து பற்றாமல் போகும். இரண்டு பட்டையைச் செங்கோணமாகக் குறுக்கே வைத்து மூலைக்கு மூலை தைத்து, கால் அங்குலம் விட்டு வெட்டிப் பிரித்து அயர்ன். நேராக இணைத்தால் அந்த இடத்தில் அத்தனை மடிப்பும் ஒரே புள்ளியில் சேர்ந்து கட்டியாகும். பிறகு முழு நீளத்தையும் 1¼ ஆக மடித்து அயர்ன்.

முதலில் போர்வையின் நாலு ஓரத்தையும் சுற்றி, விளிம்பிலிருந்து நூலிழை தூரத்தில் ஒரு தையல் ஓட்டுங்கள். பிறகு மூலைமட்டம் வைத்து உபரி வாடிங்கையும் அடிப்பக்கத் துணியையும் நறுக்குங்கள். பட்டையின் வெட்டு ஓரத்தைப் போர்வையின் மேல்பக்க ஓரத்தோடு சேர்த்து, ஒரு பக்கத்தின் நடுவிலிருந்து, பத்து அங்குல வால் விட்டுத் தொடங்குங்கள். ⅜ அங்குலம் விட்டுத் தையல்.

மூலை. விளிம்புக்கு ⅜ அங்குலம் இருக்கும்போது நிறுத்துங்கள், ஊசி துணிக்குள் இருக்கட்டும். ஃபுட்டைத் தூக்கி, போர்வையைச் சாய்த்துத் திருப்பி, மூலையின் நுனிக்குச் சாய்வாகத் தைத்து வெளியேறி, நூலை அறுங்கள். இப்போது பட்டையை மேல்நோக்கி, போர்வையிலிருந்து விலகும்படி மடித்தால் அந்தச் சாய்வுத் தையல் மேல் 45 பாகை மடிப்பு தானாக விழும். நகத்தால் அழுத்துங்கள். அதே பட்டையை நேர் கீழாக மடியுங்கள். இந்த இரண்டாவது மடிப்பு போர்வையின் மேல் ஓரத்தோடு ஒரே கோட்டில் நிற்க வேண்டும். ஒரு நூல் கீழே இறங்கினாலும் மூலை கூராக வராமல் மழுங்கும். அடுத்த பக்கத்தை விளிம்பிலிருந்தே தைக்கத் தொடங்குங்கள். பின்னால் திருப்பும்போது மூலைக்குள் பட்டையின் வெறுமை இல்லாமல் வாடிங் நிறைந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். மூலையில் வாடிங்கை வெட்டி எடுக்கும் பழக்கம் ஜாக்கெட் காலருக்கு உரியது, இங்கே வேண்டாம்.

தொடங்கிய இடத்துக்கு ஒரு அடி முன்பாக நிறுத்துங்கள். இரண்டு வாலையும் ஒன்றன்மேல் ஒன்று படுக்கவைத்து, சரியாக 2½ அங்குலம் ஏறியிருக்கும்படி வெட்டுங்கள். விரித்து, நல்ல பக்கத்தோடு நல்ல பக்கம் செங்கோணமாக வைத்து மூலைக்கு மூலை ஊசி குத்தி, முறுக்கு விழவில்லை என்று பட்டையை மடித்துப் பார்த்துவிட்டுத் தையுங்கள். பின்பக்கம் திருப்பி, மிஷின் தையல் மறையும்படி கால் அங்குலத்துக்கு ஒரு ஹெம்மிங். நூல் மேல்பக்கத்துக்கு வரவே கூடாது, அடிப்பக்கத் துணியையும் வாடிங்கையும் மட்டும் பிடித்து வரட்டும்.

மலைவாசல்:
ஓரப்பட்டையே இல்லாத முறையும் இருக்கிறது. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி சமூகப் பெண்கள் தைக்கும் கவந்தி. ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். பழைய சேலையை அடியில் விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, துண்டின் ஓரத்தை விரலால் உள்ளே மடக்கிக்கொண்டே, நூலோட்டமாகச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். ஒட்டுவதும் அடுக்குகளைச் சேர்த்துத் தைப்பதும் ஒரே வேலை. ஓரம் முதலிலேயே மடிந்து முடிந்துவிடுவதால் கடைசியில் பட்டை தேவைப்படாது. நாலு மூலையிலும் மடித்த துணியில் பூ வைப்பார்கள், அந்தப் பூ இல்லாமல் கவந்தி முடிந்ததாகக் கொள்வதில்லை. மிஷின் இல்லாதவர்கள் இந்த முறையில் சிறியதாக, குழந்தைக்கு 36 × 45 அளவில் தைத்துப் பாருங்கள்.

மஞ்சள்பை:
துவைப்பது? முதல் துவைப்பிலேயே சாயம் இறங்கிவிட்டால் என்ன செய்வது?

பாவுஊடை:
முதல் துவைப்பு தனியாக, நிறையத் தண்ணீரில், மென்மையான சுற்றில். சாயம் இறங்கியது தெரிந்தால் காயவிடாதீர்கள், அயர்ன் படவே கூடாது. பெரிய தொட்டியில் துணி தாங்கும் அளவுக்குச் சூடான நீர், திரவ சோப்பு, போர்வை முழுக்க மூழ்கி இருக்கட்டும், பன்னிரண்டு மணி நேரம். நீர் நிறம் மாறினால் கொட்டிவிட்டு மறுபடி. நீர் தெளிவாக நிற்கும்வரை. மடிப்பு நீருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் சாயம் கோடாகப் படியும்.

ஈரத்தோடு ஒரே கொடியில் தொங்கவிட்டால் நீரின் பாரத்தில் தையல் இழுபட்டு அறும். இரண்டு கொடியில் தொட்டில் மாதிரி ஏந்தவிட்டு, அடிப்பக்கம் மேலாக, நிழலில்.

செங்காந்தள்:
கடைசியாக ஒன்று. தையல் அளவு சரியான்னு பார்க்க 1½ அங்குலப் பட்டை மூணை இணைத்துப் பார்த்தேன். 3½ வரணும், 3⅜ தான் வருது. ஏற்கனவே 40 கட்டம் இணைச்சாச்சு. பிரிக்கணுமா?

நூல்கண்டு:
பிரிக்க வேண்டாம். அரைக்கால் அங்குலக் குறை நாலு விளிம்பில் பங்காகிறது, ஒரு விளிம்புக்கு 1/32 அங்குலம்தான் கூடுதலாகப் பிடிக்கிறீர்கள். குறுக்கே ஒன்பது இணைப்பில் அரை அங்குலத்துக்குச் சற்று மேல், நெடுக்கே பதின்மூன்றில் முக்காலுக்குச் சற்று மேல் போர்வை குறையும். அவ்வளவுதான். மீதி 100 கட்டத்தையும் இதே அளவிலேயே தையுங்கள். இப்போது திருத்திச் சரியான கால் அங்குலத்துக்கு மாறினால் பழைய வரிசையும் புது வரிசையும் நீளம் ஒத்துவராது, முனை எதுவும் சேராது. ஃபுட்டுக்குப் பக்கத்தில் ஊசித் தகட்டின் மேல், இப்போது துணி ஓரம் ஓடுகிற கோட்டில் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். ஓரப்பட்டையை மட்டும் கடைசி அளவைப் பார்த்தபின் வெட்டுங்கள்.